எண் நிற்கும் வரை

மார்ச் 9, செவ்வாய். இரவு 8.10.
இன்றைய தவறு: பட்டியலின் 23-ஆம் வரியைப் பார்க்காமலே 'சரி' என்று குறித்துவிட்டேன்.

என் நாட்குறிப்பில் அந்தத் தேதியில் இருப்பது இவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு நாளில் நடந்ததை அந்தந்த நாளே குறித்து வைத்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பேய்க்கதை படிக்கிறவர்கள் பாதியை நம்புவார்கள், பாதியை ரசிப்பார்கள். நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது. ஒரு நேரத்தைக்கூட நான் மாற்றவில்லை. ஓர் எண்ணைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. எடைச்சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் காட்டுவேன்.

நான் பகலில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறேன். மாலை ஆறிலிருந்து ஏழேகால் வரை வாகனப் பழுது வகுப்பு. பதினாறு பேரில் நான் ஒருத்திதான் பெண். நாட்குறிப்பு எழுதச் சொன்னது வாத்தியார். மற்றவர்கள் ஒரு வாரம் எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. எழுதி வைக்காவிட்டால் நான் பார்த்ததை நானே நம்ப மாட்டேன்.

அக்கா தையல்காரி. பாவாடை, சட்டை அல்ல; வண்டி சீட் உறை, தார்ப்பாய், கடைவாசல் மறைப்பு. கனத்த துணி தைக்கும் மெஷின் இரண்டு வைத்திருக்கிறாள். தைக்க வேண்டியதைக் கழற்றித் தூக்கி வர அலுத்துக்கொண்டு பாதிப் பேர் அவளிடம் வருவதில்லை. அதனால் ஒரு திட்டம் போட்டோம். பழைய பிக்கப் ஒன்று வாங்குவது. பின்னால் பெட்டி கட்டி, மெஷின்களைப் பொருத்தி, வேலை இருக்கும் இடத்துக்கே போவது. நான் ஓட்டுவேன். அவள் பின்னால் உட்கார்ந்து தைப்பாள். ஆறு வருடமாக இருவரும் சேர்த்தது மொத்தமும் இதில் போய்விடும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. நாள் முழுக்க அக்கா அந்தப் பெட்டிக்குள் இருக்கப் போகிறாள். பட்டியலை நாற்பத்தோரு வரிக்கு நீட்டியது அதற்காகத்தான்.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அத்தான் எனக்கு 'லிஸ்ட்டு' என்று பெயர் வைத்தார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். பதினைந்து வருடம் ஓட்டுநராக இருந்தவர். எனக்குக் கிளட்ச் பழக்கியவர் அவர்தான். இரண்டு வருடமாக நிலையான வேலை இல்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி உன்னைப் பத்திக்கூட நான் இவ்வளவு விசாரிக்கலையே," என்றார் அக்காவிடம்.

"நானும்தான் விசாரிக்கல," என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி. மூவரும் சிரித்தோம்.

மூன்று வண்டி பார்த்தோம். வெள்ளை வண்டிக்குப் புதுப் பெயிண்ட்; சேசிஸில் திருப்புளியால் குத்தினால் துரு அப்பளம் போல் உதிர்ந்தது. நீல வண்டியின் எஞ்சின் நன்றாகத்தான் பேசியது. ஆனால் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல் இருந்தது. தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, சாம்பல் நிற வண்டி. பெட்ரோல். எங்களுக்குக் கிட்ட கிட்ட நின்று நின்று போகிற ஓட்டம், அதற்கு அதுவே ஏற்றது. எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அந்த நிலையிலேயே முதல் திருகலில் பற்றிக்கொண்டது. சேசிஸ் நேர். பிரேக் கச்சிதம். அதோடு, பின்னால் தகரப் பெட்டி ஏற்கனவே கட்டியிருந்தது. இரண்டு கதவு, வெளியே நீளத் தாழ்ப்பாள். எங்கள் வேலையில் பாதி முடிந்த மாதிரி. ஒரு மரச்சாமான் கம்பெனியின் கொட்டகையில் இரண்டு வருடமாகச் சும்மா நிற்கிறதாம்; விற்பதற்காகப் புது பேட்டரி போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அத்தான்?"

"யாரோ சொன்னாங்க."

மதிப்பெண் போட்டேன். வெள்ளை 38. நீலம் 61. சாம்பல் 84.

23-ஆம் வரி: பெட்டித் தளத்தின் அடிப்பக்கம். கீழே ஒரே சேறு. நான் கடைக்குப் போட்டுப் போகும் உடையில் இருந்தேன். "நான் படுத்துப் பாத்துட்டேன் லிஸ்ட்டு, சுத்தமா இருக்கு. எழுதிக்கோ," என்றார் அத்தான். எழுதிக்கொண்டேன். அவர் சட்டை முதுகில் சேறு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அன்று பட்டியலின் ஓரத்தில் குறித்தேன். சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் உள்ள இடைவெளி, பின்பக்கம் இடது புறத்தில் 14 மில்லிமீட்டர் குறைவு. மூன்று முறை அளந்தேன். "தரை சாய்வா இருக்கும்," என்றார். அவர் வண்டியைவிட்டு நான்கு அடி தள்ளியே நின்றிருந்தார்.

11-ஆம் தேதி வண்டி எங்களுடையது ஆனது. கொட்டகையிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன். அத்தான் தன் பைக்கில் பின்னால் வந்தார். "நீயே ஓட்டு, கை பழகணும்ல," என்றார்.

மார்ச் 12, வெள்ளி.
இன்றைய தவறு: எண் ஆடியபோதே பின்கதவைத் திறக்கவில்லை.

"வெறும் வண்டி எவ்வளவுன்னு தெரியாம எதையும் ஏத்தாதே," என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் மெஷின், மேசை, இரண்டாவது பேட்டரி எல்லாம் ஏற வேண்டும். ஸ்பிரிங் பட்டை எத்தனை கூட்டுவது என்று தெரிய வேண்டும். வகுப்பு முடிந்ததும் கிடங்குத் தெரு எடைமேடைக்குப் போனேன். பழைய இரும்பு நிறுப்பதற்கான சின்ன மேடை அது. இரண்டு கிலோ வித்தியாசத்தைக்கூடக் காட்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் எடைமேடைக்காரர். வெளியே கம்பத்தில் பெரிய சிவப்பு எண்கள்.

மாலை 7.41. வண்டியை ஏற்றி நிறுத்தினேன். கணக்குப்படி 1,656 வர வேண்டும்.

வெறும் வண்டி நிறுக்கும்போது ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். இறங்கினேன். ஒலிபெருக்கி கரகரத்தது.

"உள்ள இருக்கிறவரையும் இறங்கச் சொல்லும்மா."

"யாரும் இல்ல அண்ணே. நான் மட்டும்தான்."

"நம்பர் நிக்கலையே."

பார்த்தேன். 1,714... 1,710... 1,716... 1,712...

"இரும்பு, மரமெல்லாம் ஏறினதும் நின்னுடும். உயிருள்ள பாரம்தான் இப்படி ஆடும். ஆடு மாடு ஏத்திட்டு வர்றவங்களுக்கு இப்படித்தான் காட்டும்."

"வெறும் பெட்டி அண்ணே."

பின்னால் இரண்டு லாரி. ஹாரன் அடித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒருத்தி வந்து எல்லோரையும் நிற்க வைத்திருக்கிறாள் என்று நினைப்பார்கள்.

"சரி, காத்தா இருக்கும். நிக்கட்டும். நின்னாதான் சீட்டு வரும்," என்றார் அவர்.

காத்திருந்தோம். காற்றே இல்லை.

7.45-க்கு எண் நின்றது. 1,714. சீட்டு வந்தது.

தெரு முனையில் ஓரம் கட்டிப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். கைவிளக்கை நாலு மூலைக்கும் அடித்தேன். ஒன்றும் இல்லை. வெறும் தகரம்.

ஐம்பத்தெட்டு கிலோ கூடுதல். என் கணக்குதான் தப்பாக இருக்கும் என்று எழுதினேன்.

நாளை: வண்டிக்கு அடியில் படுத்து 23-ஆம் வரியைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13, சனி.
இன்றைய தவறு: முதல் இரண்டு தடவை கேட்டும் எழுந்து போகவில்லை.

அக்கா வீட்டுப் பக்கச் சந்தில் வண்டியை நிறுத்தியிருந்தேன். காலையிலிருந்து எஞ்சினைத் தொடவில்லை. சாவி என் பையில். அக்கா பெட்டிக்குள் மேசைக்கு அளவெடுக்க ஏறினாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்தாள். நான் கோணியை விரித்து அடியில் நுழைந்தேன். மாலை 5.05.

பெட்டித் தளத்தின் இடது பின்மூலையில், சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே, ஒரு சாண் அளவுக்கு இரும்புத் தகடு வெல்டு வைத்து ஒட்டியிருந்தது. மேலே துருவுக்கு அடிக்கும் கறுப்பு மருந்து பூசி மறைத்திருந்தார்கள். விரலால் தேய்த்தேன். வெல்டு புதியது. சைலன்சரையும் மாற்றியிருந்தார்கள். படுத்துப் பார்த்த எவர் கண்ணுக்கும் தப்பாது.

படுத்தபடியே அத்தானுக்குப் போன் செய்தேன்.

"பாத்துட்டேன், சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களே அத்தான்?"

அந்தப் பக்கம் பைக்கை அணைக்கும் சத்தம் கேட்டது.

"துரு இருந்திருக்கும். ஒட்டியிருப்பாங்க. அதுக்கு என்ன இப்போ?"

"பார்க்கவே இல்லையா நீங்க?"

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும் லிஸ்ட்டு," என்று வைத்துவிட்டார்.

மல்லாந்து கிடந்து தகட்டையே பார்த்தேன். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ?

டக்... டக்... டக்.

தலைக்கு மேல். தளத்தில்.

"அக்கா, சும்மா இரு. துரு கண்ணுல கொட்டுது."

நின்றது. பிறகு மறுபடி.

டக்... டக்... டக்.

அளவு குறிக்கிறாள் என்று நினைத்தேன். தகட்டின் ஓரத்தை அளந்து எழுதினேன்.

மூன்றாவது தடவை சத்தம் மெலிந்திருந்தது. விரல் நகத்தால் கீறுவது போல்...

5.22. வெளியே உருண்டு வந்தேன்.

செங்கல் ஓரமாகக் கிடந்தது.

கதவு சாத்தியிருந்தது.

தாழ்ப்பாள்... வெளியிலிருந்து போடப்பட்டிருந்தது.

இழுத்துத் திறந்தேன். அக்கா முன்பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. கையில் அளவு நாடா, ஆறடி இழுபட்டபடி. சத்தம் வந்தது கதவுப் பக்கமிருந்து. அவள் ஏழடி தள்ளி இருந்தாள்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். மூன்றாவது உலுக்கலில் விழித்தாள்.

"என்னடி... நல்ல தூக்கம்."

"நீ தட்டினியா?"

"நான் எதுக்குத் தட்டணும்? தலை வலிக்குதுடி. விண் விண்ணுன்னு தெறிக்குது."

இறக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். சந்தில் வேறு யாரும் இல்லை. இருபுறமும் சுவர்.

அத்தான் வந்ததும் சொன்னேன். "காத்துல சாத்தியிருக்கும்," என்றார்.

"தாழ்ப்பாள் கூடவா காத்துல விழும்?"

"லிஸ்ட்டுல நாப்பத்திரண்டாவதா எழுதிக்கோ." சிரிக்க முயன்றார். வாய்தான் சிரித்தது.

"வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம் அத்தான்."

"வேண்டாம், வேண்டாம்!" இவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "உனக்கு என்ன சந்தேகமோ கேளு. நானே கூட வரேன். கம்பெனிப் பக்கம் மட்டும் போகாதே."

மார்ச் 16, செவ்வாய்.
இன்றைய தவறு: அவர் கிளம்பியபோது தடுக்கவில்லை.

மறுபடி நிறுக்கலாம், நீங்களும் வாருங்கள் என்றேன் அத்தானிடம். எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அவர் வழக்கம்போல் பைக்கில் வந்தார். 7.38-க்கு எடைமேடையில் எனக்கு முன்னால் பைக்கோடு ஏறி நின்று, "நான் இளைச்சிருக்கேனா பாரு லிஸ்ட்டு," என்றார். சிவப்பு எண்: 194. அசையவில்லை. இறங்கி ஓரமாகப் போனார்.

நான் வண்டியை ஏற்றினேன். இறங்கினேன்.

1,712... 1,716... 1,710...

கூண்டுக்குள்ளிருந்து எடைமேடைக்காரர் எட்டிப் பார்த்தார். என்னை அல்ல.

"அடடே, நீங்களா? ரொம்ப நாளாச்சே!"

"ஆள் மாறிப் பேசறீங்க," என்றார் அத்தான்.

அவர் அத்தானைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்.

எண் ஆடிக்கொண்டே இருந்தது.

"அத்தான், பின்கதவைத் திறங்க."

"நீ திற."

"நான் அன்னைக்கே திறந்தேன். நீங்க இந்த வண்டியை இன்னும் தொடவே இல்ல. ஏன்?"

லாரிக்காரர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அத்தான் மெதுவாக வந்து, மேடையில் கால் வைக்காமல் ஓரத்திலிருந்தே கையை நீட்டினார். தாழ்ப்பாளில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இழுத்தார்.

கதவு திறந்தது.

7.49. எண் நின்றது.

1,656.

"பாத்தியா," என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. "பாத்தியா? ஒண்ணுமில்ல. மெஷின் கோளாறு."

வண்டியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தன. நாடாவே தேவைப்படவில்லை.

நான் வண்டியை மேடையிலிருந்து இறக்கினேன். வெளியேறும் வழி மேடை மேல்தான். அத்தான் பைக்கைக் கிளப்பி அதன் மேல் போனார். முன்னால் லாரி திரும்பிக்கொண்டிருந்ததால் நடுவில் ஒரு நிமிடம் நின்றார்.

நான் எண்ணைப் பார்த்தேன்.

252.

250... 254... 252...

பைக்கின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான்!" என்று கத்தினேன். லாரிச் சத்தம். அவர் திரும்பாமல் போய்விட்டார்.

எடைமேடைக்காரரிடம் ஓடினேன். அவர் கையை ஆட்டினார். "இப்ப வேண்டாம்மா. நாளைக்கு வா. பேசறேன்."

லாரிகளைத் தாண்டி வெளியே வர நேரமாயிற்று. வண்டி இறகு போல் ஓடியது. அத்தனை நாளும் ஒரு பக்கம் இழுத்தது இப்போது நேராகப் போனது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

8.39. அக்கா வீடு. வாசலில் பைக். முன்னறையில் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது.

"அத்தான் எங்கே?"

"தலைவலின்னு வந்ததும் படுத்துட்டார். உன்கூட சண்டையா?"

"மெஷினை நிறுத்து."

"ஒரு ஓரம்தான்டி பாக்கி..."

"நிறுத்துக்கா!"

நிறுத்தினாள்.

அமைதி.

டக்... டக்... டக்.

படுக்கையறைக் கதவு.

"அவர்தான்," என்றாள் அக்கா. "எதுக்குத் தட்டறார்? திறந்துதானே..."

கதவின் வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"நீ போட்டியா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

டக்...

அவ்வளவுதான். அடுத்தது வரவில்லை.

ஓடிப்போய் இழுத்தேன்.

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அத்தான் கட்டிலில் கிடந்தார். ஒன்பதடி தள்ளி. சுவரைப் பார்த்தபடி.

ஜன்னல் திறந்திருந்தது.

ஆனால் அறை முழுக்க... வண்டிப் புகை நாற்றம்.

அவரைத் திருப்பினோம். உதடு சிவந்திருந்தது. சாயம் பூசியது போல்.

9.20-க்கு ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய் வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். டாக்டர் எங்களை வெளியே அழைத்தார்.

"எந்த வண்டிக்குள்ள இருந்தார்?"

"வண்டியில இல்ல டாக்டர். கட்டில்ல தூங்கிட்டிருந்தார்," என்றாள் அக்கா.

"ரத்தத்துல புகை ஏறியிருக்கும்மா. மூடின இடத்துல எஞ்சின் புகையை ரொம்ப நேரம் இழுத்தாதான் இந்த அளவு வரும்."

அவர் அந்த அறையில் இருந்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம்கூட இருக்காது. பைக் வாசலில், எஞ்சின் அணைத்து நின்றது. டாக்டர் எழுதுகோலை மூடினார்.

நாளை: அத்தான் கண் விழித்ததும் கேட்க வேண்டும். அவர் என்ன சொன்னாலும் எழுத வேண்டும்.

மார்ச் 17, புதன்.
இன்றைய தவறு: காலையில் அவர் சொன்னதை நம்பினேன்.

10.20. அக்கா குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த வண்டியை ஓட்டினது நீங்கதானே?"

தலையசைத்தார்.

"பெட்டிக்குள்ள யாரு?"

"சாமான் ஏத்தறவர். புதுசா சேந்தவர். என்னைவிட வயசுல பெரியவர். முன்சீட்டு முழுக்கக் கண்ணாடிக் கதவு அடுக்கியிருந்தோம். அதனால அவர் பின்னாடி ஏறினார். சாமான் சாயாம பிடிச்சுக்க." நிறுத்தினார். "தளத்துல ஓட்டை இருந்தது. சைலன்சரும் உடைஞ்சிருந்தது. கம்பெனிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"தட்டினாரா?"

"தட்டினார்."

"உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டுது." கண்ணை மூடிக்கொண்டார். "முதல் தடவை நிறுத்தித் திறந்தேன். மூச்சு முட்டுதுன்னார். கிட்டத்தான் போறோம், பொறுத்துக்குங்கன்னு சாத்தினேன். மறுபடி தட்டினார். லேட்டாயிடுச்சு. ரேடியோவைச் சத்தமா வெச்சேன்."

இறந்தவர் ஓட்டுநருக்குச் சொல்லாமலே ஏறிக்கொண்டார் என்று கம்பெனி எழுதியதாம். அத்தான் அதில் கையெழுத்துப் போட்டாராம். அதோடு வேலையும் போயிற்று.

"அந்த வண்டியை எங்களுக்கு ஏன் வாங்கிக் கொடுத்தீங்க?"

"வித்துக் குடுத்தா திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன்னாங்க."

"அக்கா உள்ளே உக்காருவான்னு தெரியும்ல?"

"அதான் ஓட்டையை அடைச்சாச்சுல்ல..."

அவர் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடைமேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சத்தம் நின்னுடுச்சு. அங்க திறந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. எல்லாம் முடிஞ்சிருந்தது. சத்தியமா சொல்றேன் லிஸ்ட்டு."

வாசலில் அக்கா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே வராமல் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"இனிமே என்னக்கா செய்யப் போற?"

"என்ன செய்யறது? பயந்துட்டார்டி. பயந்தவங்க பொய்தான் சொல்வாங்க." தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாருங்கறாரே. திறந்தும் பிரயோஜனம் இல்லைன்னா... மனுஷன் என்ன செய்வார், சொல்லு?"

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள். எனக்குப் புரிந்தது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். எனக்குக் கிளட்ச் பழக்கியவர் அவ்வளவு மோசமானவராக இருக்க முடியாது.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. 6.50-க்கு எடைமேடைக்காரரைப் பார்த்தேன். கூண்டுக்குள் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அவர் உனக்கு என்ன வேணும்மா?"

"அக்கா வீட்டுக்காரர்."

பெருமூச்சு விட்டார். "தினம் இந்த மேடைக்கு வருவார். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு ஜோக் அடிப்பார். அன்னைக்கு மட்டும் ஒண்ணும் பேசல."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் இங்க வந்தப்போ உள்ள இருந்தவர்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே கம்பத்தைப் பார்த்துப் பேசினார்.

"நம்பர் நிக்கல."

"நிக்கலையா?"

"ஆடிக்கிட்டே இருந்தது. பின்னாடி ஆள் இருக்கா, இறங்கச் சொல்லுங்கன்னேன். மைக்குல சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்கும். சாமான்தான், ஆள் இல்லன்னார். நான் ரெண்டாவது தடவையும் கேட்டேன். இல்லன்னு கையை ஆட்டினார். வண்டி பக்கத்துலயேதான் நின்னார். கதவுக்கும் அவருக்கும் ரெண்டடி."

"அப்புறம்?"

"ஆடினா சீட்டு வராதும்மா. நிக்கட்டும்னு நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பின்னாடி லாரிக்காரங்களும்." தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் கொஞ்சமா ஆட்டம் குறைஞ்சுது. நாலு நிமிஷம். அப்புறம் நின்னுடுச்சு. சீட்டு அடிச்சுக் குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டார்."

நான் எழுந்து வெளியே வந்தேன். மேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அதன் எண் உடனே நின்றது.

12-ஆம் தேதி நானும் இதே இடத்தில்தான் நின்றேன். நான்கு நிமிடம்.

8.05. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுத்துப் போக வீட்டுக்கு வந்திருந்தாள். அவருடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். சொன்னேன். எடைமேடைக்காரர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன்.

அக்கா மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அங்க வந்தப்போ உயிர் இருந்திருக்கு."

"ஆமாக்கா."

"ரெண்டு தடவை கேட்டிருக்காங்க."

"ஆமா."

"இன்னைக்குக் காலையில, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, அதையும் பொய்யாத்தான் சொல்லியிருக்கார்."

அவள் பையை மூடிக் கட்டில் மேல் வைத்தாள். முன்னறைக்குப் போய் மெஷினில் பாதி தைத்துக் கிடந்த தார்ப்பாயின் நூலைக் கத்தரித்தாள்.

"இந்தத் துணியை அவர்கிட்ட நீ குடுத்துடு. நான் போகல. உன் ரூம்ல ரெண்டு மெஷினுக்கும் இடம் இருக்குமாடி?"

"கட்டிலை நகர்த்தினா இருக்கும்."

"நகர்த்து."

நாளை: காலை 7 மணிக்கு அக்கா வீட்டுக்குப் போய் மெஷின் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றும் 45 கிலோ. தூக்க இருவர் போதும். ஏற்றிக்கொண்டு வர, வேறு யாரிடமாவது ஒரு வண்டி கேட்க வேண்டும்.